முன்னே செல்லும் ஆழி: திருமழிசையிலிருந்து ஒரு சக்கர ஆய்வு

1. களமும் கேள்வியும்

செம்பரம்பாக்கம் என்றதும் சென்னைக்காரர்களுக்கு ஏரிதான் நினைவுக்கு வரும்: 24 அடி நீர்மட்டம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு, மழைக்காலத்தில் மதகு திறக்கும் செய்தி. சமய வரலாறு படிப்பவருக்கு அந்த ஏரியைச் சுற்றி வேறொரு நிலப்படம் விரியும். கிழக்கே குன்றத்தூரில் சேக்கிழார் பிறந்தார். மேற்கே ஸ்ரீபெரும்புதூரில் 1017இல் இராமானுசர் பிறந்தார். அவருக்கு வழிகாட்டிய திருக்கச்சி நம்பியின் ஊர் பூந்தமல்லி. மாங்காட்டில் காமாட்சியம்மன் கோயில் இருக்கிறது. ஏரிக்கு வடக்கே, பூந்தமல்லியிலிருந்து திருவள்ளூர் செல்லும் சாலையில், திருமழிசை.

இந்தக் கட்டுரையின் களம் திருமழிசை. ஆழ்வார்கள் பன்னிருவருள் நான்காமவராக எண்ணப்படும் திருமழிசையாழ்வார் தை மகத்தில் அவதரித்த ஊர் அது. பொய்கையார் பாஞ்சசன்னியத்தின் அம்சம், பூதத்தார் கௌமோதகியின் அம்சம், பேயார் நந்தக வாளின் அம்சம் என்று வைணவ மரபு வகுக்கிறது. திருமழிசையார் சுதர்சனத்தின் அம்சம்.

சக்கரத்தைப் புனிதமாகக் கொண்ட நாகரிகங்கள் பல. சூரியனாக, காலமாக, அரசாணையாக, அறமாக அது உலகெங்கும் பொருள் கொண்டிருக்கிறது. ஒரு சிற்றூரில் குழந்தையாகப் பிறந்து, பிரம்பு அறுப்பவர் வீட்டில் வளர்ந்து, பாட்டுப் பாடிய சக்கரம் எனக்குத் தெரிந்தவரை வேறெங்கும் இல்லை. இந்த நிலைக்குச் சக்கரம் எந்த வழியாக வந்து சேர்ந்தது என்பதே என் கேள்வி. விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சக்கரத்தின் பொருளை அதன் வட்ட வடிவத்தில் தேடுவது வழக்கம். இந்தியச் சமயங்களைப் பொறுத்தவரை அதை நடையில் தேட வேண்டும். இங்கே சக்கரம் தன் உடையவனுக்கு முன்னே செல்வது. பௌத்தம், சமணம், வைணவம் மூன்றுக்கும் இந்த நடை பொது. அதன் எல்லைநிலைதான் திருமழிசையாழ்வார்.

2. வானத்து வட்டம்

வண்டிச்சக்கரம் கி.மு. 4ஆம் ஆயிரத்தில் மேற்காசியாவிலும் ஐரோப்பாவிலும் உருளத் தொடங்கியது. அது கைக்கு வந்ததும் மனிதர் அதை வானத்தில் கண்டனர். டென்மார்க்கில் 1902இல் உழும்போது கிடைத்த துருண்ட்ஹோம் வெண்கலத் தேர் ஏறத்தாழ கி.மு. 1400ஐச் சேர்ந்தது. ஒரு குதிரை, அதன் பின்னே ஒரு வட்டத் தகடு; தகட்டின் ஒரு பக்கம் பொன் வேய்ந்தது, மறுபக்கம் வெண்கலமாகவே விடப்பட்டது. பகலும் இரவும் என்று அறிஞர் பொருள் கொள்கின்றனர். கெல்டியரும் சக்கரத்தைத் தெய்வத்தின் கையில் கொடுத்தனர்; இடியின் தெய்வமான தாரனிசோடு அதை இணைப்பது வழக்கம்.

இருக்கு வேதத்தின் முதல் மண்டலத்து 164ஆம் சூக்தம் இதையே கணக்காக்குகிறது. பன்னிரண்டு ஆரக்கால்கள் கொண்ட, என்றும் தேயாத சக்கரம் வானைச் சுற்றி வருவதாகவும், அதன்மேல் 720 மக்கள் இரட்டை இரட்டையாக நிற்பதாகவும் அது பாடுகிறது. பன்னிரண்டு மாதங்கள், 360 பகல்கள், 360 இரவுகள். பின்னாளில், 13ஆம் நூற்றாண்டில், கோனார்க்கில் 24 கல் சக்கரங்களோடு எழுந்த சூரியன் கோயில் இந்தக் கற்பனையின் கட்டட வடிவம்.

அமெரிக்கக் கண்டத்தின் பழங்குடிகள் வண்டி பூட்டியவர்கள் அல்லர். ஆயினும் இன்றைய வயோமிங் மாநிலத்தின் பிக்ஹார்ன் மலைமேல் 28 ஆரங்களாகக் கற்களை அடுக்கி ஒரு பெருஞ்சக்கரம் அமைத்திருக்கிறார்கள். வட்டமும் ஆரமும் வண்டியைப் பார்த்துத்தான் தோன்ற வேண்டும் என்பதில்லை என்பதற்கு அது சான்று. வடிவ ஒற்றுமையைக் கண்டதும் ஒரு நாடு இன்னொன்றிடம் கடன் வாங்கியது என்று முடிவு கட்டுவோர் இந்தக் கற்களை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

3. அரசனுக்கு முன் உருள்வது

வானத்துச் சக்கரம் மண்ணுக்கு இறங்கியது அரசனுக்காக. பாலி மொழியின் தீக நிகாயத்தில் சக்கவத்தி சீகநாத சுத்தம், மகாசுதஸ்ஸன சுத்தம் என்று இரண்டு பகுதிகள் உண்டு. அறவழி ஆளும் மன்னன் முன் ஒரு தெய்வச் சக்கரம் தோன்றுகிறது. மன்னன் நீர் தெளித்து, 'உருள்க' என வேண்டுகிறான். சக்கரம் கிழக்கே உருள்கிறது. மன்னன் நால்வகைப் படையோடு அதன் பின்னே போகிறான். அது நிற்கும் இடத்தில் அவனும் தங்குகிறான். எதிர்த்துப் போரிட ஒருவரும் இல்லை. மன்னர்கள் வந்து வரவேற்கிறார்கள். சக்கரம் கீழ்க்கடலில் மூழ்கி எழுந்து தெற்கே திரும்புகிறது. தென்கடல், மேல்கடல் என ஒவ்வொன்றிலும் மூழ்கி எழுகிறது.

இரண்டு செய்திகளை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, சக்கரம் முன்னே, அரசன் பின்னே. மற்றது, நீரில் மூழ்கி எழுவது. அந்த மன்னனின் பெயரோ மகாசுதஸ்ஸனன், அதாவது மகா சுதர்சனன். திருமாலின் ஆழிக்கு உரிய பெயரைப் பௌத்த நூல் சக்கரவர்த்திக்குச் சூட்டியிருக்கிறது. யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்ற வழக்கில் நான் இறங்கவில்லை. ஒரே கற்பனை நிலத்தில் இருவரும் நின்றார்கள் என்பது போதும். ஆந்திரத்து ஜக்கையபேட்டையில் கிடைத்த பழைய பளிங்குப் பலகையில், சக்கரவர்த்தி கையுயர்த்தி நிற்க, அருகே தூண்மேல் சக்கரம் காட்டப்பட்டிருக்கிறது. அது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்த சிற்பங்களுள் ஒன்று.

தமிழ் நிலத்திலும் இந்தக் கற்பனை பழையது. மோரியரின் தேர்ச்சக்கரம் தடையின்றி உருள மலையை வெட்டி வழி செய்த செய்தியைப் புறநானூறும் அகநானூறும் சொல்கின்றன. சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்து, மேருவை வலம் வரும் ஞாயிற்றுக்குச் சோழனின் ஆணைச்சக்கரத்தை ஒப்பிடுகிறது. அரசனை ஞாயிற்றோடு ஒப்பிடுவது எந்நாட்டுப் புலவருக்கும் கைவந்தது. இளங்கோ ஞாயிற்றை அரசனின் சக்கரத்தோடு ஒப்பிட்டு வாழ்த்துகிறார். வானத்து வட்டத்துக்கு மண்ணுலகத்துத் திகிரி அளவுகோலாகிவிடுகிறது.

4. அறத்தின் சக்கரம், காஞ்சியின் வழக்கு

சாரநாத்தில் புத்தர் செய்த முதல் அறவுரைக்குத் தர்ம சக்கரப் பிரவர்த்தனம் என்று பெயர். உலகை வெல்ல வேண்டிய சக்கரத்தை அரச குலத்துத் துறவி ஒருவர் அறத்துக்காக உருட்டிவிட்டார் என்பது அதன் உட்பொருள். புத்தருக்கு உருவம் சமைக்கத் தயங்கிய காலத்தில் சாஞ்சியிலும் அமராவதியிலும் தூண்மேல் ஒரு சக்கரத்தை நிறுத்தி அவர் இருப்பைக் காட்டினர். சாரநாத்தில் 1905இல் வெளிப்பட்ட அசோகரின் சிங்கத் தூணில் சிங்கங்களுக்கும் மேலே ஒரு பெரிய கற்சக்கரம் இருந்தது. அது உடைந்த துண்டுகளாகவே கிடைத்தது. 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை ஏற்ற தேசியக் கொடியில் நாம் காண்பது, சிங்கங்களின் அடிப்பீடத்தில் உள்ள 24 ஆரச் சக்கரம்.

சமணத்தில், சக்கரம் முன்னே செல்லும் இந்த முன்னடை இன்னும் வெளிப்படை. தீர்த்தங்கரர் நடக்கும்போது அவருக்கு முன்பாக வானில் தர்ம சக்கரம் செல்லும் என்பது அவருக்குரிய சிறப்புகளுள் ஒன்று. இடபதேவரின் இயக்கி சக்கரேசுவரி, பெயரிலேயே ஆழி தாங்கியவள்.

பௌத்தம், சமணம், வைணவம் மூன்றின் சக்கரங்களும் ஒரே நகரில் நெருக்கமாக இருந்தது காஞ்சியில். கி.பி. 640ஐ ஒட்டி அங்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், நூறளவு பௌத்த மடங்களும் பதினாயிரம் துறவியரும் இருந்ததாக எழுதினார். எண்பதளவு தேவாலயங்களையும் பல நிர்க்கிரந்தரையும், அதாவது சமணரையும், குறித்தார். திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது.

திருமழிசையாழ்வார் இந்தச் சூழலில்தான் வாழ்ந்தார். நான்முகன் திருவந்தாதியில் வரும் குணப்பரன் என்ற விளியை முதலாம் மகேந்திரவர்மனின் குணபரன் என்ற பட்டத்தோடு இணைத்து, அவரை ஏழாம் நூற்றாண்டில் வைப்பர் ஆய்வாளர் பலர். அவர் சாக்கியம், சமணம், சைவம் எல்லாவற்றையும் கற்றுத் தேர்ந்து, கடைசியில் பேயாழ்வாரால் வைணவரானார் என்கின்றன குருபரம்பரை நூல்கள். இந்த வரலாற்றைச் 'சமயம் மாறினார்' என்ற அளவில் படித்துவிட்டு நகர்பவர்களே மிகுதி. சக்கரத்தின் அம்சமாகப் பிறந்தவர், சக்கரத்தைத் தலைமைச் சின்னமாகக் கொண்ட இரண்டு சமயங்களுக்குள்ளும் போய்விட்டு வந்தார் என்று படித்தால் அதன் எடை கூடும். அறச்சக்கரம் யாருடையது என்று தொண்டை மண்டலம் நடத்திய நீண்ட வழக்கை மரபு ஒரே மனிதரின் வாழ்க்கையாக எழுதி வைத்திருக்கிறது. வென்றவர் தரப்பில் நின்று எழுதியது அது. பௌத்தரையும் சமணரையும் ஆழ்வார் கடுஞ்சொல்லால் பழிப்பதையும் மறைக்க முடியாது. ஆயினும் அவர் அந்தப் பள்ளிகளின் படிக்கட்டுகளில் ஏறியவர் என்பதை மரபே அழிக்காமல் காத்தது பெரிய செய்தி.

அந்த வழக்கு நெடுங்காலம் ஓயவில்லை. குறளின் கடவுள் வாழ்த்தில் வரும் அறவாழியை அறக்கடல் என்று பொருள் கொண்ட பரிமேலழகர், தர்ம சக்கரம் என்று உரைப்பாரும் உளர் எனக் குறித்துச் செல்கிறார்.

5. படைக்கலம்

திருமாலின் கையில் சக்கரம் முதன்மையாக ஆயுதம். பல்லவர் காலச் சிற்பங்களில் அதன் விளிம்பு நம்மை நோக்கி நிற்பதைக் காணலாம். கை அதை எறியப் போகும் நிலை. கலை வரலாற்றார் இதைப் பிரயோகச் சக்கரம் என்பர். சோழர் காலத்தில் சக்கரம் முகம் காட்டித் திரும்புகிறது, விரல்நுனிமேல் நிற்கிறது, சுடர்கள் முளைக்கின்றன. வேகம் குறைந்து அழகு கூடிய இந்த மாற்றம் கல்லில் நடந்தது.

தத்துவத்தில் நடந்தது இதற்கு எதிர்த்திசை. பாஞ்சராத்திர ஆகமங்களுள் ஒன்றான அகிர்புத்நிய சம்கிதை, சுதர்சனத்தைத் திருமாலின் சங்கற்பம் என்கிறது; உலகைப் படைத்து இயக்கும் செயலாற்றலே சக்கரம். இந்த நூலை ஆராய்ந்து ஓட்டோ ஷ்ரேடர் எழுதிய அறிமுகம் 1916இல் அடையாறு நூலகத்தின் வெளியீடாக வந்தது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் கடலைச் சேரும் அதே ஆற்றின் முகத்துவாரக் கரையில் அந்த நூலகம் இருக்கிறது. திருமழிசை பற்றிப் படிக்கும் எவருக்கும் இது மகிழ்ச்சி தரும்.

ஆயுதம் ஆளாவதற்கும் வடநாட்டில் முன்மாதிரி உண்டு. குப்தர் சிற்பங்களில் சக்கரம் சிறு மனித உருவாய்த் திருமாலின் அருகே நிற்கும். பயானாப் புதையலில் கிடைத்த இரண்டாம் சந்திரகுப்தனின் பொற்காசு ஒன்றில் சக்கர புருஷன் அரசனுக்கு அருள் வழங்குகிறான். ஆகவே உருவேற்றம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. ஏவலாளாக நின்ற சக்கரத்தை அடியாராக்கி, 'ஆழ்வார்' என்று அழைத்தது தமிழ் வைணவம்.

6. ஆழ்வாரான ஆழி

6.1 உறுப்பில்லாப் பிறப்பு

பார்க்கவ முனிவருக்கும் கனகாங்கிக்கும் பிறந்தது கை கால் இல்லாத ஒரு பிண்டம். அதைப் புதரடியில் விட்டுச் சென்றனர். திருவருளால் உறுப்புகள் அமைந்து குழந்தை அழுதது. பிரம்பு அறுக்க வந்த திருவாளன் எடுத்துப்போய் மனைவி பங்கயச்செல்வியிடம் கொடுத்தார். இது பிறப்புக் கதை. சக்கரத்துக்குக் கையும் காலும் முகமும் கிடையாது. உறுப்பில்லாத ஒன்று மனிதனாக வேண்டுமானால் இப்படித்தான் பிறக்க முடியும் என்று கதை சொன்னவர்கள் நினைத்திருக்க வேண்டும். இது என் ஊகம். ஆனால் இவருக்கு முந்தைய முதலாழ்வார்கள் மூவரும் பூவில் தோன்றியதாகச் சொல்லும் மரபு, இவருக்கு மட்டும் இந்தப் பிறப்பை வைத்திருப்பது காரணமின்றி இருக்காது.

6.2 காலில் கண்

ஆழ்வார் கந்தல் தைத்துக்கொண்டிருந்தபோது சிவபெருமானும் உமையும் வந்து வரம் தர முன்வந்தனர், ஆழ்வார் பொருட்படுத்தவில்லை. சிவன் நெற்றிக்கண் திறக்க, ஆழ்வார் தம் வலக்கால் விரலில் இருந்த கண்ணைத் திறந்தார். தீயும் தீயும் எதிர்நின்றன; மேகங்கள் வந்து பொழிந்து தணித்தன. சிவனே அவருக்குப் பக்திசாரர் என்று பெயர் சூட்டிச் சென்றார். சமயப் பூசலின் வாடை இக்கதையில் உண்டு. முடிவில் பெயர் சூட்டுபவர் சிவன் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். திருமழிசையில் ஒத்தாண்டேசுவரர் கோயிலும் பழைமையோடு நிற்கிறது.

காலில் கண் எதற்கு? புத்தரின் உள்ளங்கால்களில் சக்கர ரேகை இருந்தது என்பது மகாபுருட இலக்கணங்கள் முப்பத்திரண்டில் ஒன்று. அமராவதியின் புத்தபாதக் கற்களில் அதைக் காணலாம். அங்கே காலில் சக்கரம். இங்கே சக்கரமானவரின் காலில் கண். விவிலியத்தில், கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாபிலோனியச் சிறைவாழ்வில் இருந்த எசேக்கியேல் தீர்க்கதரிசி கேபார் ஆற்றங்கரையில் ஒரு காட்சி கண்டார்: சக்கரத்துக்குள் சக்கரம், அவற்றின் வட்டுகளைச் சுற்றிலும் கண்கள். கடவுளின் பார்வை தேரோடு எங்கும் நகரும் என்று நாடிழந்த மக்களுக்குச் சொன்ன காட்சி அது. இவை மூன்றும் தனித்தனியே தோன்றியவை என்றே கொள்கிறேன். ஆனால் எசேக்கியேலின் சக்கரங்கள் ஆவி போகும் இடத்துக்குப் போகின்றன. பின்பற்றுவதே அவற்றின் இயல்பு. ரோமரின் பார்ச்சூனா தேவியின் சக்கரமோ நின்ற இடத்திலேயே சுழன்று அரசரை ஏற்றி இறக்குகிறது. முன்னே போகும் சக்கரம், தான் போகும் வழியைத் தானே பார்த்தாக வேண்டியது.

6.3 பாயைச் சுருட்டிய பெருமாள்

காஞ்சித் திருவெஃகாவில் நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஆழ்வார் வரலாற்றின் உச்சம். சீடர் கணிகண்ணனை அரசன் நாடுகடத்தினான். 'கணிகண்ணன் போகிறான், நானும் போகிறேன், நீயும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பு' என்ற கருத்தில் ஆழ்வார் பாட, பள்ளிகொண்ட பெருமாள் எழுந்து பின்னே நடந்தார். அன்றிரவு அவர்கள் தங்கிய இடம் ஓரிருக்கை. நகர் இருண்டது, அரசன் மன்னிப்பு வேண்ட, எல்லோரும் திரும்பினர். பெருமாளுக்குச் சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்ற பெயர் நிலைத்தது.

தீக நிகாயத்தின் அமைப்பு இங்கே அப்படியே திரும்ப வருகிறது: சக்கரம் முன்னே, உடையவன் பின்னே, சக்கரம் நிற்கும் இடத்தில் அவனும் தங்குகிறான். அங்கே சக்கரம் படையை நாடுகளுக்குள் அழைத்துச் செல்கிறது. இங்கே நாடுகடத்தப்பட்ட ஓர் எளியவனுக்காகக் கடவுளையே நகரைவிட்டு வெளியே அழைத்துச் செல்கிறது. ஆணைச்சக்கரம் அரசாணைக்கு எதிராகத் திரும்பிய இடம் இது. சக்கரத்தின் உலக வரலாற்றில் இதற்கு ஈடான ஒரு திருப்பத்தை நான் காணவில்லை.

6.4 வடக்கின் சான்று

திருமழிசைக் கோயிலின் மூலவர் ஜெகந்நாதப் பெருமாள். பூரிக்கும் திருப்புல்லாணிக்கும் இடையே மத்திய ஜெகந்நாதம் என்று இதைச் சொல்வர். பூரியில் ஜெகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை மூவரோடு சுதர்சனமும் வழிபடப்படுகிறது. அங்கே அது வட்டமாக இல்லை, மரத்தூணாக நிற்கிறது. தேர்த் திருவிழாவில் கருவறையிலிருந்து முதலில் வெளியே வருவது அந்தச் சுதர்சனம்தான். வட்டம் மறைந்த பிறகும் முன்னடை மறையவில்லை. வடிவத்தைவிட நடையே இந்தச் சின்னத்தின் உயிர் என்று நான் சொல்வதற்குப் பூரியைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நீரில் மூழ்குவதும் தொடர்கிறது. திருமலை பிரமோற்சவத்தின் ஒன்பதாம் நாள் தீர்த்தவாரியில் மலையப்ப சுவாமியும் தாயார்களும் கரையில் எழுந்தருளியிருக்க, புஷ்கரிணியில் மூழ்கி எழுபவர் சக்கரத்தாழ்வார். சக்கரவர்த்தியின் ஆழி கடல்களில் மூழ்கி எழுந்ததை இது நினைவூட்டுகிறது.

7. சுழலாத சக்கரம்

மாங்காட்டுக் காமாட்சி கோயிலின் அர்த்தமேரு ஸ்ரீசக்கரம் என் வாதத்துக்கு அடங்காதது. ஆதிசங்கரர் நிறுவியதாகச் சொல்லப்படும் அது எட்டு மூலிகைப் பொருள்கள் கூட்டிய அட்டகந்தத்தால் ஆனது. அதனால் அபிடேகம் கிடையாது. ஒன்பது முக்கோணங்கள் ஒன்றையொன்று வெட்டி 43 சிறு முக்கோணங்களாகும் இந்த அமைப்பு எங்கும் போவதில்லை. வழிபடுபவரின் மனம்தான் வெளிச்சுற்றிலிருந்து நடுப்புள்ளிக்குப் பயணம் செய்கிறது. ஏரியின் இரு பக்கத்து ஊர்களில் இரண்டு சக்கரங்கள், இரண்டு வேறு இலக்கணங்கள்.

8. நிலத்திலும் தோளிலும்

சக்கரம் மக்களின் அன்றாடத்தைத் தொட்டது இரண்டு வழிகளில். கோயிலுக்கு இறையிலியாக விட்ட நிலத்தின் எல்லையில் குறிக்கல் நடுவது பழைய வழக்கம். சிவன் கோயில் நிலத்துக்குச் சூலக்கல், சமணப் பள்ளியின் நிலத்துக்கு முக்குடைக்கல், திருமால் கோயிலின் திருவிடையாட்டத்துக்குத் திருவாழிக்கல். கல்வெட்டுகள் திருவாழிக்கல் நட்டதை மீண்டும் மீண்டும் சொல்கின்றன. எழுத்தறியாத உழவரும் வரி தண்ட வந்தவரும் அந்த வட்டத்தைப் பார்த்ததும் இது யார் நிலம் என்று தெரிந்துகொண்டனர். உருள்வதற்கென்றே தோன்றிய சின்னம் இங்கே வயல் வரப்பில் ஊன்றி நின்றது. அரசனின் ஆணை அதற்கு அப்பால் செல்லாது என்பதே அதன் பொருள். திருவெஃகாக் கதையின் வேறொரு வடிவம் என்றே இதைப் படிக்கிறேன்.

மற்றொன்று உடல். இராமானுசர் வழிவந்த ஸ்ரீவைணவர் ஆசாரியனிடம் பெறும் சமாசிரயணத்தில், ஓமத் தீயில் காய்ச்சிய சிறு முத்திரைகளைத் தோள்களில் ஒற்றுவார்கள். ஆண், பெண், சாதி என்ற வேறுபாடின்றி வைணவத்துக்கு வருவோர்க்கெல்லாம் உரியது இது. பிரம்பறுத்த வீட்டில் வளர்ந்த ஆழ்வாரைக் கொண்டாடும் மரபில் வேறுவிதமாக இருக்கவும் முடியாது. இடத்தோளுக்குச் சங்கு, வலத்தோளுக்குச் சக்கரம். முதலில் ஒற்றுவது சக்கரம்.